‘பிறகு’ என்னும் பாதுகாப்பு

கணினிப் பாதுகாப்பு கற்க விரும்புவோர் கிளிநொச்சிப் பக்கத்துக் கந்தோர் ஒன்றுக்கு வரவேண்டும். விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. 11 இற்கு மாறச் சொல்லித் திரையில் பெட்டி வரும். கிளாக்கர் அண்ணை ‘பிறகு’ என்பதை அமத்துவார். அடுத்த நாளும் வரும். அடுத்த நாளும் ‘பிறகு’.

காரணம் வலுவானது. பாதியில் கரண்ட் போனால்? யூபிஎஸ் இருக்கிறதுதான். பற்றரி செத்தபிறகு அது ஃபைல் கட்டுகளைத் தாங்கும் பணிக்கு மாற்றலாகிவிட்டது. முதலில் பிரதி எடு, ஒரு கணினியில் பரீட்சித்துப் பார், பிறகு மற்றவற்றைத் தொடு என்பதெல்லாம் வேலையில்லாதவர்கள் சொல்வது.

தலைநகரமே இந்த வழியில்தான் நடந்தது. அரச அலுவலகங்களுக்கான இணையவழிக் கணினிச் சேவையான லங்கா அரச முகிலின் மின்னஞ்சல், எக்ஸ்சேஞ்ச் என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓடியது. மாற்றும் திட்டம் 2021 இலேயே இருந்தது. அதைவிடப் பொறுமை நிறைய இருந்தது. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின. பிரதிகளும் தனித்திருக்க மனமின்றிக் கூடவே போயின.

அண்ணை அசரவில்லை. வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, துளைபோட்டு, ஃபைலில் கோத்து அலுமாரியில் பூட்டுபவர் அவர். அந்த மூன்று மாதமும் அங்கே பத்திரமாக இருக்கிறது. கொழும்பு கேட்டால் தருவார்.

எழுத்துமூலம் கேட்கவேண்டும். மூன்று பிரதிகளில்.