இருட்டும் நிழலும் ஒன்றா?

எங்கள் வீட்டுத் தோட்டம் முழுக்க மர நிழல். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியா இந்த டிசம்பரிலும் பச்சையாகவே நிற்கிறதே, ஏன்?

பகலில் இருட்டு, இரவில் வெளிச்சம் என்று தலைகீழாக வளர்த்தால் செடி வேறென்ன செய்யும்? அதில் சிவக்க வேண்டியது பூவல்ல, இலை. நிஜப் பூ நடுவில் மஞ்சளாக, மிளகளவில் இருக்கிறது. அந்த இலை சிவக்கப் பகலில் நல்ல வெளிச்சமும் இரவில் 12 மணி நேரத்துக்கு மேல் (14 என்றால் நிச்சயம்) இடையறாத இருட்டும் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். மர நிழல் பகலைத் தின்றுவிடுகிறது. தெருவிளக்கு இரவைக் கெடுக்கிறது. வாசலில் தொங்கும் ஸ்டாரும் விளக்குதானே என்பீர்கள். டிசம்பரில் கட்டியதன் மேல் பழி போடாதீர்கள். கணக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போதிருந்து தினமும் மாலை 5 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 7 மணிக்குத் திறக்க வேண்டும். அவ்வளவு பாடு எதற்கு என்றால், நர்சரியில் ஏற்கெனவே சிவந்ததை வாங்கி நிழலில் வையுங்கள். சில வாரம் தாங்கும். தொட்டியைச் சுற்றிய ஜிகினாத் தாளை மட்டும் கழற்றிவிடுங்கள். நிழலில் மண் சீக்கிரம் காயாது. தாளுக்குள் தேங்கும் தண்ணீர் பண்டிகைக்கு முன்பே வேரை அழுகவைத்துவிடும்.