கேளாமல் கொடுக்கும் மூலை

மூலையே, வீட்டில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்கள் நம்பி வருவது உன்னைத்தான். டிவிக்கு ஒரு சுவர், சோபாவுக்கு எதிர்ச்சுவர், ஸ்பீக்கர்களுக்கு இரு பக்கம் என்று எல்லாவற்றுக்கும் இடம் பார்த்த பிறகு, மிஞ்சி நிற்கும் சப்வூஃபரை உன்னிடம் ஒப்படைக்கிறார்கள். இதுவரை யாரையும் நீ திருப்பி அனுப்பியதில்லை.

உன் கொடையை அளந்தே சொல்லலாம். அறையின் நடுத்தரையில் இருக்கும் சப்வூஃபருக்குப் பக்கத்தில் ஒரு சுவர் வந்தால் ஒலி 6 டெசிபெல் வரை கூடும். இரண்டாவது சுவர் இன்னொரு 6 சேர்க்கும். இரண்டு சுவரும் தரையும் கூடும் இடமான நீ, ஆக 12 டெசிபெல் வரை வாரி வழங்குகிறாய். கதவும் ஜன்னலும் உள்ள நிஜ அறையில் இது சற்றுக் குறையும், அவ்வளவுதான். வெறும் 10 டெசிபெல் கூட்டுவதற்கே ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். அதை நீ கரண்ட் செலவில்லாமல் தருகிறாய். 100 வாட்ஸ் பெட்டி 1000 வாட்ஸ் பெட்டியைப்போல் அதிரும்போது, பாராட்டு பெட்டிக்குப் போகிறது. உழைப்பு உன்னுடையது.

பாரபட்சமும் உனக்குக் கிடையாது. 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அடுக்குமாடி வீட்டு ஹால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஒலி நொடிக்கு 344 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலை கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே சேர்ந்து முழங்கத் தொடங்கும். இந்த அறையில் நீளவாக்கில் அது 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, உயரவாக்கில் 56. இவற்றின் இரட்டிப்புகளும் உண்டு. சுவரின் நட்டநடுவில் இருக்கும் சப்வூஃபரால் இவற்றில் சிலவற்றை எழுப்பவே முடியாது. உன்னாலோ ஒன்றுகூடத் தூங்க முடியாது. எல்லா முழக்கங்களுக்கும் அழுத்தம் உச்சம் கொள்ளும் ஒரே இடம் நீதான்.

இசைக்கு நீ செய்யும் தொண்டைச் சொல்ல வேண்டும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத் துணையாக நின்றுவிடுவதில்லை. பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டாகவே நடக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டம் மேலே போனால் 46. அடுத்த தந்தி 55. அதற்கு மேலே நாலாவது கட்டம் 69. வாசித்தவர் இந்த நாலு சுரங்களையும் ஒரே பலத்தில்தான் வாசித்திருப்பார். நீ அப்படியே விட்டுவிடுவதில்லை. நீளத்தின் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பதால் 69-க்கு உன் முழு ஆதரவும் கிடைக்கிறது. 41-க்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லாததால் அது தன் சொந்த பலத்தோடு வந்து போகிறது. கலைஞன் தராத அழுத்தத்தையும் சேர்த்துத் தருபவன் என்ற பெயரை யாரும் உன்னிடமிருந்து பறிக்க முடியாது.

சோபாவில் இருப்பவர்களுக்கும் நீ ஆளுக்கொரு படம் காட்டுகிறாய். 47 ஹெர்ட்ஸ் முழக்கம் அகலத்தின் நடுக்கோட்டில் வெறுமையாகிவிடும், பக்கச்சுவரை நெருங்க நெருங்கப் பெருகும். ஆசையாகக் காசு சேர்த்து வாங்கிய வீட்டுக்காரர் சோபாவின் நடுவில் உட்கார்கிறார். அவருக்கு 46 ஹெர்ட்ஸ் சுரம் வருவதே இல்லை. ஓரத்தில் ஒண்டிக்கொண்ட விருந்தாளிக்கு அது மார்பில் வந்து மோதுகிறது. பேஸ் போதவில்லை என்று நடுவில் இருப்பவர் சப்வூஃபரின் வால்யூமைத் திருகும்போது, ஓரத்தில் இருப்பவர்களுக்கும், தளத்துக்கு மேலே குடியிருப்பவர்களுக்கும் அந்தக் கொடை சேர்த்தே போய்ச்சேருகிறது.

நம் வீடுகளில் உன் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைச் சுவர் தானும் கொஞ்சம் அசைந்து அடித்தொனியை உறிஞ்சும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவருக்கும் கான்கிரீட் தளத்துக்கும் அந்த இளக்கம் இல்லை. வந்த அலையை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் நீ எழுப்பிவிட்ட முழக்கம் சீக்கிரம் அடங்காது. திரையில் வெடிகுண்டு வெடித்து, புகை கலைந்து, நாயகி பேசத் தொடங்கிய பிறகும் உன் விசுவாசம் அந்த வெடியை விட்டு அகலுவதில்லை.

ஆடியோ-வீடியோ ரிசீவரில் மைக் வைத்துத் தானாக அளந்து சரிசெய்யும் வசதி இருக்கிறதே என்பார்கள். அதையும் நீ ஓரளவுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பொங்கி நிற்கும் 70 ஹெர்ட்ஸை அது வெட்டிக் குறைக்கும். அதில் நல்ல பலன் உண்டு. ஆனால் சோபா நடுவில் உள்ள 47-இன் பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. அங்கே எத்தனை வாட்ஸைக் கொட்டினாலும், ஒரு பக்கத்திலிருந்து வருவதை மறுபக்கத்திலிருந்து வருவது அழித்துக்கொண்டே இருக்கும்.

உன் செல்வாக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று இருக்கிறது, எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியது. சப்வூஃபரைத் தூக்கி, தான் உட்காரும் சோபா இருக்கையிலேயே வைத்துவிட வேண்டும். 20-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியையோ, நன்றாகத் தெரிந்த ஒரு பேஸ் கிட்டார் வரியையோ ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேட்க வேண்டும், காது, தரையில் வைத்தால் சப்வூஃபர் இருக்கும் உயரத்திலேயே இருக்க. ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிப் போட்டாலும் இரண்டுக்கும் நடுவே நடப்பது மாறாது. ஆகவே தவழும்போது எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ, அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டும். உன்னிடம் வந்து சேர்ந்ததும் ஒலி பொங்கி எழும். ஆசைப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. மனதைக் கல்லாக்கிக்கொண்டு இன்னும் நாலு அடி தவழ்ந்தவர்களுக்குப் பாட்டு கிடைக்கிறது.

நான் சொன்ன 16 அடி அறையில் அந்த இடம் பெரும்பாலும் டிவிச் சுவரின் நடுப்பகுதியை ஒட்டி அமையும். அங்கே வந்துவிட்டால் 47 ஹெர்ட்ஸ் முழக்கம் எழவே எழாது. நடுவில் இருப்பவரும் ஓரத்தில் இருப்பவரும் ஒரே பாட்டைக் கேட்பார்கள். பின்சுவரில் ஒட்டியிருக்கும் சோபாவை இரண்டு மூன்று அடி முன்னே இழுத்தால் 70-இன் வீக்கமும் வடியும். இன்னொரு சப்வூஃபர் வாங்க முடிந்தவர்கள் அதை எதிர்ச்சுவரின் நடுவில் வைத்தால், 35-ஐ இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். ஒலியின் அளவு குறைந்துவிட்டதாக முதல் நாள் தோன்றும். உன் 12 டெசிபெல்லுக்குப் பழகிய காதுக்கு அது ஒரு வாரம் வெறுமையாகத்தான் இருக்கும். பிறகு 41-உம் 46-உம் 55-உம் தனித்தனியாக நடக்கத் தொடங்குவது கேட்கும்.

எத்தனை சப்வூஃபர் போதும் என்று ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு உன்னைப் பற்றிய முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. நீள்சதுர அறையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு நன்றாகக் குறைகிறது. நான்கு சுவர் நடுக்களில் வைத்தாலும் அப்படியே. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டே இரண்டு வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன். தனியாக இருக்கும்போது நீ எழுப்பும் அகலவாக்கு முழக்கத்தை, உன் எதிர் மூலைத் தோழன் அதே கணத்தில் எதிர்த்திசையில் தள்ளி அழிக்கிறான். கூட்டாளிகள் மூவரையும் அருகில் வைத்துக்கொண்டால் உன் கையில் எந்தக் குறையும் இல்லை.

சப்வூஃபர் நகர்ந்த பிறகு உன்னிடம் நிறுத்தவேண்டியது, ஆறு அங்குலக் கனமுள்ள ராக்வூல் பலகை. துணி போர்த்தி, பின்னால் காற்றிடைவெளி விட்டு, தரையிலிருந்து கூரைவரை உன் குறுக்கே அதை நிறுத்த வேண்டும். 35 ஹெர்ட்ஸை அது விழுங்கிவிடாது. 80-க்கு மேலே, வசனத்தின் மீது படியும் அந்த இழுவை குறைவது தெளிவாகவே தெரியும். அறையின் எல்லா முழக்கங்களும் வந்து மோதும் இடம் நீ என்பதால், அவற்றைப் பிடிப்பதற்கு உன்னைவிடத் தோதான இடம் அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.