புது ரத்தம்

'அசாசின்ஸ் கிரீட்' விளையாட்டில் எத்தனை உயரமான கோபுரத்திலிருந்தும் குதிக்கலாம். கீழே வைக்கோல் இருந்தால் ஒரு கீறலும் விழாது. அதைத் தயாரிக்கும் பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனப் பங்கும் குதித்துப் பார்த்தது. 2018இல் 100 யூரோவைத் தாண்டியிருந்தது, 2024 செப்டம்பரில் 10 யூரோ பக்கம் வந்து விழுந்தது. வைக்கோலைத்தான் காணோம்.

தலைமையை மாற்றுங்கள் என்று சிறுபான்மைப் பங்குதாரர் ஒருவர் பகிரங்கக் கடிதமே எழுதினார். 1986இல் ஐந்து கியெமோ சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. காது கொடுக்காமல் இருக்குமா? 2025இல், சீனாவின் டென்சென்ட் 116 கோடி யூரோ போட முன்வந்த புதிய துணை நிறுவனத்துக்கு இரண்டு தலைவர்களை நியமித்தது. அவர்களில் ஒருவர், யூபிசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஈவ் கியெமோவின் மகன் சார்லி.

புது ரத்தம் கேட்டவர்கள், எந்தப் பிரிவு என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டாமா?