கறிவேப்பிலையை மொட்டையடித்தது யார்? ஒரு பூர்வாங்க விசாரணை

மிளகுக்கும் கொக்கோவுக்கும் ஒரு தீங்கென்றால் ஆராய்வதற்கு, ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. கொல்லைப்புறக் கறிவேப்பிலைக்கு அந்த யோகம் கிடையாது. அதன் வழக்கை அடுப்படிதான் விசாரிக்கிறது. மரம் திடீரென மொட்டையானால், உக்குவளையானாலும் ரத்தோட்டையானாலும், கூண்டில் ஏற்றப்படுவோர் நால்வர்: ஆடு, குரங்கு, கண்ணூறு, பக்கத்து வீட்டு அக்கா.

தடயங்கள் வேறு கதை சொல்கின்றன. ஆடு எட்டிய உயரம் வரைதான் மேயும், இளங்கிளையையும் விட்டுவைக்காது. குரங்கு கிளையை முறித்துப் பாதியைக் கீழே எறியும். அக்கா கொத்தைக் காம்போடு பறிப்பார். கண்ணூறு இலையை எந்தப் பக்கமிருந்து தின்னும் என்பது இன்னும் வரையறுக்கப்படவில்லை. இலை மட்டும் போய் நடுக்காம்பு நிற்கிறதா? மரத்தடியில் கரும்பச்சை எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதா? அப்படியானால் நால்வரும் நிரபராதிகள்.

குற்றவாளி, வண்ணத்துப்பூச்சியின் புழு. பபிலியோ பொலிட்டஸ், பபிலியோ டெமோலியஸ் என்ற இரண்டும் இதில் பேர்போனவை. கறிவேப்பிலையும் தேசியும் தோடையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் மூன்றிலும் இவற்றுக்குப் பந்தி உண்டு. ஆயுள் முழுக்க வேடம்தான். இளம் புழு பறவை எச்சமாக நடிக்கும்; தன் எச்சத்தைத் தானே தின்ன எந்தப் பறவையும் துணிவதில்லை. வளர்ந்ததும் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் ஒரு கவைக்கொம்பை நீட்டி நாற்றம் விடும். கூட்டுப்புழு இடத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும். சிறகு முளைத்தும் புத்தி மாறுவதில்லை: பொலிட்டஸ் பெண்களில் சில, பறவைகள் தீண்டாத நச்சு வண்ணத்துப்பூச்சியைப் போலவே சிவப்புப் புள்ளிகளோடு பறக்கும். ஒரே இனத்துப் பெண்கள் பல உருவில் திரிவதை இயற்கையியலாளர் அல்பிரட் ரசல் வொலஸ் 1865ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்தார். அடுப்படியில் அக்கட்டுரைக்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை.

இலை போகாமல் சுருண்டு, பிசுபிசுத்து, கறுத்தால் அது தனி வழக்கு. பழி எறும்பின்மேல் விழும். சாறு உறிஞ்சுவது எறும்பல்ல; அதன் பாதுகாப்பில் இருக்கும் சிறு பூச்சிகள். அவை கழிக்கும் இனிப்பு நீரை எறும்பு வாடகையாக வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தில் கரும்பூஞ்சணம் படரும். இக்கூட்டத்துக்கு இலங்கையில் நீண்ட சரித்திரம் உண்டு: கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி நீட்னர் என்பவர் தனி நூலே எழுதியது 1861இல். 2008இல் பப்பாசியை வெள்ளையடித்த வெண்மூட்டுப் பூச்சியை அடக்க, அடுத்த ஆண்டே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவி வரவழைக்கப்பட்டது. அது கண்ணுக்கு எளிதில் எட்டாத அளவு சிறியது; அதற்கு மாலை மரியாதை செய்ய ஆளில்லாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனித் தண்டனை. உறிஞ்சிகளுக்கு மாலை வேளையில் மெல்லிய சவர்க்கார நீர், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. எறும்பு ஏறாமல் அடிமரத்தைச் சுற்றிக் கிறீஸ் தடவிய துணி. புழுவுக்கு மருந்தடிப்பது மடமை. அந்த இலை நாளைக்கே பருப்பில் மிதக்கும். தளிரில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் முட்டையையும் புழுவையும் கையால் எடுத்துவிட்டால் போதும். இம்முறையின் ஒரே எதிரி பள்ளிக்கூடப் பிள்ளைகள்: எடுத்துப்போட்ட புழுவைப் போத்தலில் அடைத்து, அதே மரத்து இலையை ஊட்டி வளர்த்து, சிறகு முளைத்ததும் கைதட்டித் தோட்டத்திலேயே திறந்துவிடுகிறார்கள்.