பதினெட்டு டிகிரிக்கு எங்கே போவது?

அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, வைக்க வேண்டிய நாட்டுக்கோழி முட்டையை அதுவரை எங்கே பத்திரப்படுத்துவது என்று எங்கள் கடலோர அரியாங்குப்பத்தில் கேட்டால், மாமியார் அரிசிப்பானையைக் காட்டுவார், மருமகள் ஃப்ரிட்ஜைக் காட்டுவார். இரண்டுமே தவறு என்று சொல்பவனுக்கு இரண்டு பேரிடமும் காபி கிடைக்காது; ஆனாலும் சொல்லியாக வேண்டும். காரணம், முட்டை ஜடமல்ல. கோழியின் வயிற்றுச் சூட்டில், ஏறக்குறைய 41 டிகிரியில், ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. இட்ட நிமிடத்திலேயே கருவில் நாற்பது, அறுபது ஆயிரம் செல்கள் இருக்கும். ஆறியதும் அது தூங்கப் போகும். 20, 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிம்மதியான தூக்கம். அதற்கு மேலே போனால் அரைத்தூக்கம்: வளரவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் கரு தவித்து வலுவிழக்கும். அதனால்தான் குஞ்சு பொரிப்பகங்களில் 15 முதல் 18 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்று வைக்கிறார்கள். ஈரப்பதத்தை நம் கடல் இலவசமாகத் தருகிறது. 18 டிகிரியை யார் தருவது? தை மாத விடியலில் வெப்பமானி இருபதை எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். மே மாதம் அது 37-ஐத் தாண்டி நிற்கும். ஃப்ரிட்ஜோ நாலைந்து டிகிரி. தூங்கச் சொன்னால் விறைக்க வைத்துவிடும்.

“எங்க ஆயா அரிசிப்பானையில வெச்சுத்தானே பதிமூணுக்குப் பத்து பொரிச்சது?” என்று கேட்பார்கள். பொரித்திருக்கும். ஆனால் ஆயா குஞ்சை எண்ணினாரே தவிர, கூமுட்டையாய்ப் போன மூன்றும் எந்தத் தேதி முட்டை என்று பார்க்கவில்லை. பழைய முட்டைகள் மேல்தான் என் சந்தேகம். ஆனால் பழி இடியின் தலையில் விழுந்தது. இடி இடித்தால் முட்டை கெடும் என்று பக்கத்தில் இரும்பாணி வைப்பது நம் வழக்கம். கோடை இடி வருவது சித்திரையிலும் வைகாசியிலும். முட்டையைப் புழுக்கம் கெடுப்பதும் அப்போதுதான். கொன்றது வெயில், கைதானது இடி. ஆணி பாவம், கடைசிவரை காவல் காத்தது.

இன்னொரு கேள்வி நியாயமானது: கோழியே பத்துப் பன்னிரண்டு முட்டையை இட்டு முடிக்கிற வரை உட்காராமல் போட்டுத்தானே வைக்கிறது? ஆமாம். எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் வெளிவர வேண்டும் என்பது அதன் கணக்கு. நாலு போனாலும் அதற்குக் கவலையில்லை, நமக்குத்தான் கவலை. ஈர மணலில் மண்சட்டியைப் புதைத்து, அதில் முட்டையை வைத்துத் துணியால் மூடலாமே என்பார்கள். நாமக்கல்லின் காய்ந்த காற்றில் அது நன்றாகக் குளிரும். நம் கடலோரக் காற்றில் கொடியில் போட்ட துண்டே காய்வதில்லை, சட்டி எங்கே குளிர்வது? ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் லாபம்.

ஆக, இந்த ஊரில் இடம் தேடிப் பயனில்லை; நாளைக் குறைக்க வேண்டும். நல்ல குளிரில் வைத்தாலே ஒரு வாரத்துக்கு மேல் பொரிப்புத் திறன் இறங்கும். இங்கே மார்கழியில் ஒரு வாரம், கோடையில் மூன்று நான்கு நாள் என்பது என் கணக்கு. முட்டையைக் கழுவக் கூடாது. மேலே இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமிக்குத் தடை. காற்றறை அகன்ற பக்கத்தில் இருப்பதால் கூர்முனை கீழே இருக்கட்டும். நம் ஊர் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளுக்கும் அடி கூர்தான். கூர்முனையைக் கீழே வைத்துச் சேமிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதி, கூட்டில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். கோழி அடைக்கு உட்காரும் நாளில், இரண்டு மூன்று பெட்டைகளின் புது முட்டைகளாகப் பார்த்துச் சேர்த்து அவயம் வைக்கலாம். தேதி தாண்டியதற்கு வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கினால் போதும்.