டாலர் வருது, வழி விடுங்க!

பெங்களூருவின் தொம்மலூரில் வாடகை ரூபாயில், வருமானம் டாலரில் என்று ஒரு தம்பி இருந்தால், அக்கம்பக்கத்தார் அவனை அமெரிக்க மாப்பிள்ளை மாதிரிதான் பார்ப்பார்கள். டாலர் படும் பாடு அவனுக்கல்லவா தெரியும்? பணத்தை வாங்கித் தரும் இடைத்தரகர் முதலில் கட்டணம் எடுப்பார். ரூபாயாக மாற்றும்போது இன்னொரு கிள்ளு கிள்ளுவார்.

2011 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதிப்படி, பேபால் என்ற இடைத்தரகர் வழியாக ஒரு தடவைக்கு 500 டாலர் வரைதான் வாங்க முடிந்தது. 7 நாளுக்குள் வங்கிக்கு மாற்றிவிட வேண்டியிருந்தது. அதிலிருந்தே பொருள் வாங்கவும் தடை இருந்தது. வரம்பு பிறகு 3,000, 10,000 என்று வளர்ந்தது. வளராதது நம்பிக்கை மட்டும். இன்றும் வருகிற டாலர் வந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். மென்பொருள் ஆலோசனைக் கூலியா? 'பி0802' என்று குறி.

இப்படி வரவுக்குக் கணக்கு எழுதி வைப்பதும் புதிதல்ல. இதே ஊர் சொக்கநாதர் கோயிலில், கொடை விவரத்தைத் தமிழில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, கல்லுக்கு ஓடிபி கிடையாது.

ஆகவே தம்பிகளே, அந்நியச் செலாவணி வரவுச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டாலர் எப்படியும் செலவாகிவிடும்; ஆடிட்டர் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.