முகமூடி துறத்தல்: ஹட்டன் பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சூப்பர் ஹீரோ ஒருவர் தமது இரகசிய அடையாளத்தைப் பகிரங்கமாகத் துறக்கலாமா? இவ்வினாவை ஆராய்ந்தோர் எல்லாரும் நியூயோர்க் போன்ற மாநகரங்களையே களமாகக் கொண்டனர். அங்கே அடுத்த கதவுக்காரர் யாரென்று இவருக்குத் தெரியாது. இவர் யாரென்று அவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் பகலில் பத்திரிகை நிருபராகவும் இரவில் பறப்பவராகவும் இருப்பதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, கொழும்பு–பதுளை ரயில் பாதையோரம், மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே இருக்கும் ஹட்டனில் இதே வினா என்ன ஆகும் என்று எவரும் பார்க்கவில்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பரப்பு: ஹட்டன் நகரும், சுற்றியுள்ள டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலைத் தோட்டங்களும். காற்சட்டைக்கு மேல் உள்ளாடை அணியும் மரபு இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. இந்தக் குளிரில் யார் எதற்கு மேல் எதைப் போட்டாலும் கேட்பாரில்லை. முதுகில் தொங்கும் மேலாடையையும் ஒதுக்கிவிடலாம். மழை நாளில் கொங்காணி போட்டு மலைக்கு ஏறும் அத்தனை பேருக்கும் அது உண்டு.

கருதுகோள்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடக் கலை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, அதை ஒட்டி இன்னொன்று, முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. இங்கே நாயகர் ஒருவர் நள்ளிரவில் உடை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவு முனகியதும் இடது காம்பராவிலிருந்து ஒரு குரல்: “யாருப்பா அது, இந்நேரத்துல?” வலது காம்பராவிலிருந்து பதில்: “நம்ம பெரியவன்தான் அத்தே. எங்கேயோ பறக்கப் போறான் போல.” விடிந்ததும் பீலிக்கரையில் விசயம் முழுதாக அலசப்படும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் வந்து சேர்வதற்குள், அவர் எத்தனை மணிக்குத் திரும்பினார், உடை எந்த இடத்தில் கிழிந்தது, யார் தைத்துக் கொடுத்தது என்பது வரை தோட்டத்துக்கே தெரிந்துவிடும்.

ஆகவே இரகசிய அடையாளம் இங்கே சாத்தியமே இல்லை என்று அவசரக்கார ஆய்வாளர் முடிவு கட்டுவார். பொறுக்க வேண்டும். அன்று காலை பத்து மணிக்குத் துரை வந்து, “நேத்து ராத்திரி பறந்தது யாரு?” என்று கேட்கட்டும். “தெரியலீங்களே தொர.” அடுத்தவரைக் கேட்கட்டும். “நான் அசந்து தூங்கிட்டேங்க.” லயத்தில் உள்ள அத்தனை குடும்பமும் ஒரே இரவில், ஒரே நேரத்தில் அசந்து தூங்கியிருக்கும்.

இதிலிருந்து கருதுகோள் பிறக்கிறது. இரகசிய அடையாளம் என்பது ஊருக்கே தெரிந்து, துரையின் பங்களாவுக்கு மட்டும் தெரியாத செய்தி. முகமூடி வெறும் துணி. காவல் காப்பது லயம். அப்படியானால், லயம் முழுதும் சேர்ந்து காக்கும் ஒன்றை நாயகர் ஒருவர் மட்டும் மேடையேறித் துறக்கலாமா? அவருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

சான்றுகள்

முதற் சான்று, இதே ரயில் பாதையில் ஹட்டனுக்குக் கீழே இருக்கும் நாவலப்பிட்டியில் 1917 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் திகதி பிறந்தது. பிற்காலத்தில் அது கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் வில்லன்களால் கண்டுபிடிக்க முடியாத நிலையை எய்தியது. எம்.ஜி.ஆர். நடித்து 1954 இல் வந்த ‘மலைக்கள்ளன்’ இத்துறையின் மூல நூல் எனலாம். கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையுடையது, வசனம் மு. கருணாநிதியுடையது. ஒரே ஆள் மலையில் கள்ளன், ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற வணிகர். கொட்டகையில் தரை டிக்கட்டில் உட்கார்ந்து கடலை கொறிப்பவருக்கும் அது யாரென்று தெரியும். திரைக்குள் இருக்கும் பொலிசாருக்குத்தான் தெரியாது. படம் இந்திக்குப் போனது, தெலுங்குக்குப் போனது, 1957 இல் ‘சூரசேன’ என்று சிங்களத்துக்கும் வந்தது. அதிகாரத்தில் இருப்போரின் கண் மங்கல் மொழி கடந்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

இரண்டாஞ் சான்று காமன் கூத்து. மாசி மாதம் தோட்டங்களில் காமன் ஊன்றியதும் ரதி வேடம் கட்டுபவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். நேற்றுக் கொழுந்து மடுவத்தில் நிறை போதாதென்று சண்டை பிடித்த அதே அண்ணன்தான். ஆனால் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமன் எரிந்து, ரதி புலம்பத் தொடங்கினால் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். “அட, இது நம்ம ஆளு” என்று எழுந்து சொல்பவரை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். மறுநாள் ரதி தன் சொந்தப் பெயருக்குப் பெரட்டில் குரல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். பத்திரிகையாளர் மாநாடு எதுவும் தேவைப்படவில்லை.

இந்த ஒளியில் 1938 இல் தோன்றிய சூப்பர்மேனின் மூக்குக்கண்ணாடியை மீளாய்வு செய்யலாம். ஒரு கண்ணாடியால் ஏமாந்த ஊர் என்று மேலைநாட்டு விமர்சகர்கள் அந்நகர மக்களை எள்ளி வந்துள்ளனர். லயத்தை அறிந்த ஆய்வாளர் அப்படி எழுதத் துணியார். அந்நகர மக்களுக்கு முதல் நாளே தெரியும். மரியாதைக்காகச் சும்மா இருந்தார்கள். 2019 டிசம்பரில் வந்த இதழில் அவர் எல்லார் முன்னிலையிலும் உண்மையை அறிவித்தபோது, 81 ஆண்டுகளாகத் தெரிந்திருந்த ஒன்றைக் கேட்டு வாய் பிளந்து நின்ற அம்மக்களின் பண்பு போற்றத்தக்கது.

புடவை வியாபாரி

கற்பனை நாயகர்களை வைத்து எவ்வளவு தூரம்தான் போக முடியும்? ஹட்டனுக்கென்று நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர்.

1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத்துக்குள் வெளியார் கால் வைப்பது குற்றம். அத்துமீறல் சட்டம் துரையின் சட்டைப்பையில் இருந்தது. தொழிலாளரின் உறவினர்கூடக் கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு சாராருக்கு மட்டும் வாசல் திறந்திருந்தது: துணி மூட்டையோடு வரும் புடவை வியாபாரிகள். கடனுக்குச் சேலை வாங்கிய தொழிலாளி கடன் தீரும் வரை தோட்டத்தை விட்டு ஓடமாட்டார் என்பதால் நிருவாகத்துக்கு அவர்கள்மேல் வெறுப்பில்லை என்று கொள்ளலாம். பத்திரிகைக்காரரான நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே போனார். உலக நாயகர்கள் முதுகில் ஒற்றைத் துணியைத் தொங்கவிட்டார்கள். இவர் ஒரு மூட்டையையே சுமந்தார்.

துணியை விரித்துப் போட்டுவிட்டு, சம்பளம் எவ்வளவு, கங்காணிக்கு எவ்வளவு பற்று என்று விசாரிக்கும் வியாபாரியைப் பற்றி லயத்துப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? சேலைக்கு விலை பேசத் தெரியாத ஆளை முதல் முழத்திலேயே பிடித்திருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. பிடித்தும் பங்களாவுக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்பது அடுத்த துணிபு.

பிறகு அவர் வேடத்தைக் கலைத்தார். கண்டதையெல்லாம் தம் பெயரிலேயே எழுதினார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை நடத்தினார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அதன் தலைமையகத்தை ஹட்டனிலேயே வைத்தார். துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். அவருக்கு எந்தக் கட்டத்திலும் முகமூடி இருந்ததில்லை என்பதை முகமூடி ஆய்வுகள் கவனிக்கத் தவறுவது வழக்கம். 1936 இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவானார். மூட்டை தூக்கி நுழைய வேண்டியிருந்த மலைநாட்டுக்கு, சபையில் பெயர் சொல்லி அழைக்கப்படும் உறுப்பினர் ஆனார்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. முகம் தெரிந்த பிறகு எந்தத் தோட்டத்து வாசலிலும் அந்த மூட்டை செல்லுபடியாகாது. வேடத்தில் இருந்தவரை பார்க்கலாம், பேச முடியாது. வேடத்தைக் களைந்தபின் பேசலாம், அதே மாதிரிப் போய்ப் பார்க்க முடியாது. போதுமான அளவு பார்த்தாயிற்று என்று தீர்மானித்துக் களைந்ததுதான் அவருடைய சாமர்த்தியம். இன்னொன்றும் உண்டு. அவர் வெளிப்படுத்தியது தம் முகத்தை மட்டும். தமக்குச் சொன்னவர்களின் முகங்களைக் காட்டியதாகத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை அமெரிக்க நாயகர்கள் கற்றிருந்தால் பல இதழ்களின் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

பிறநாட்டு வழக்குகள்

2008 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் டோனி ஸ்டார்க் பத்திரிகையாளர் முன் நின்று தாமே அயர்ன் மேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கைதட்டல். 2006 இல் ஸ்பைடர்மேனும் அதே மாதிரி முகமூடியைக் கழற்றினார். மறு ஆண்டே அவருடைய வயதான மேய் அத்தையின் மேல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவரைக் காப்பாற்றவும், அடையாளத்தைத் திரும்ப மறைக்கவும் பேய் ஒன்றோடு ஒப்பந்தம் செய்து தம் கலியாணத்தையே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரே செயல், இரண்டு விளைவு. மேலைநாட்டார் இதற்கு உளவியல் காரணம் தேடுகின்றனர். ஹட்டன் பஸ் நிலையத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஸ்டார்க் பங்களாக்காரர், மற்றவன் லயத்துப் பையன். பங்களாவுக்கு மதிலும் வாச்சரும் உண்டு. லயத்துப் பையன் முகமூடியைக் கழற்றினால் அடி விழுவது வீட்டில் இருக்கும் அத்தைக்கு.

துறவாமைக்கு ஆதரவான உள்ளூர்ச் சான்றையும் மறைப்பது ஆய்வு நெறி ஆகாது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகப் போனால் 2,243 மீற்றர் உயரத்தில் சிவனொளிபாதமலை. உச்சியில் ஒரே ஒரு பாதச்சுவடு. சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது, கிறித்தவருள் சிலருக்குப் புனித தோமையாருடையது. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை எல்லாரும் ஒரே படிக்கட்டில், ஒரே குளிரில், ஒருவருக்கொருவர் கைகொடுத்து ஏறுகிறார்கள். சுவட்டின் உரிமையாளர் இன்றுவரை அறிக்கை எதுவும் விடவில்லை. விட்டிருந்தால் மூன்று பங்கு யாத்திரிகர்கள் அடிவாரத்திலேயே திரும்பியிருப்பார்கள். அவருடைய மௌனத்தை இந்த ஆய்வு முழுமனத்தோடு ஆதரிக்கிறது.

கனதியான எதிர்வாதம்

இத்தனை சொன்ன பிறகு ஒரு சங்கடமான உண்மைக்கு வர வேண்டியிருக்கிறது. முழு விவாதமும் நாயகருக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. நடேசய்யர் 1947 இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தோடு, அவர் யாருக்காக மூட்டை சுமந்தாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு ஓர் அடையாளங்கூட இல்லாமற் போயிற்று.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் யாருக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பிறகு பார்ப்பதற்குப் பத்து ஆண்டு ஆயிற்று. 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003 இல் வந்தது.

1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார்; இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வாசகர்கள் அதை விநோதம் என்று வாங்கிப் படித்தார்கள். அதே ஆண்டு நுவரெலியா மாவட்டத்து மலைகளில் ஆயிரக்கணக்கான கைகள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தன. கைகள் அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரிந்தன, ஏற்றுமதிக் கணக்கில் இறாத்தல் இறாத்தலாகத் தெரிந்தன. கையின் சொந்தக்காரர்தான் பதிவேட்டில் தெரியவில்லை. அவர்களுக்கு மின்சாரமும் தேவைப்படவில்லை. பல லயங்களுக்கு அது வரவும் இல்லை.

அடையாள அட்டை இல்லாத ஒருவர் பிற்காலத்துச் சோதனைச் சாவடியில் சொந்த முகத்தோடு நின்றும் பயனில்லாமற் போன நாட்களை ஹட்டன் பார்த்திருக்கிறது. அந்த வரிசையில் நின்றவர்களிடம் போய், முகமூடியைத் துறப்பது நல்லதா என்று கருத்துக் கேட்க இந்த ஆய்வாளருக்குத் துணிவு வரவில்லை.

செய்முறை

இவற்றுக்குப் பிறகும் ஹட்டன் நாயகர் ஒருவர் பிடிவாதமாகத் துறக்கத்தான் போகிறார் என்றால் சில நடைமுறைகளைக் கவனிக்க வேண்டும். முதலில் லயத்தில் உள்ளவர்களைக் கூட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். இத்தனை காலம் அசந்து தூங்கியவர்கள் அவர்கள். ஆச்சியைக் கொஞ்ச நாளைக்குக் கொட்டகலையில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் இன்னார்தான் என்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். அழைப்பிதழ்களுக்கான பதில் கடிதங்களைத் தோட்ட அலுவலக முகவரிக்கு வரவழைப்பது ஆபத்து. அங்கே விலாசம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இடம் மல்லியப்பு சந்தி பொருத்தம். சம்பள உயர்வுக்காக மக்கள் கூடிப் பழகிய இடம், ஒலிபெருக்கியும் கிடைக்கும். மாசி பங்குனியில் வேண்டாம், கூட்டம் காமன் கூத்துக்குப் போய்விடும். நாள் கட்டாயம் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். வேலை நாளில் போய் முகமூடியைக் கழற்றிவிட்டு மத்தியானத்துக்கு மேல் மலைக்கு வந்தால், உலகையே காப்பாற்றியவராக இருந்தாலும் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார்.